தோம்பு முதல் அடையாள அட்டை வரை



கொழும்பு மாநகரின் வடபால், துறைமுகத்துக்கு அணித்தாய் அமைந்த கொட்டாஞ்சேனையையும் அதன் அயலையும் சுற்றி வருவோர் வழிபாட்டுத் தலங்கள் பலவற்றைக் காண்பர். அவற்றுள் ஒன்று ஒல்லாந்தர் கட்டிய வொல்வெண்டால் தேவாலயம். 1749ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 1757ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறக்கப்பெற்ற அவ்வாலயத்தின் தடித்த சுவர்களையும் கல்லறைக் கற்களையும் கண்டு வியப்போர் பலர். அதே ஒல்லாந்தர் சுண்ணாம்பும் கல்லுமின்றி, தாளும் மையுங்கொண்டு எழுப்பிய வேறொன்றும் நம் நாட்டில் நிலைத்திருக்கின்றது. அதுவே தோம்பு.

தோம்பு என்பது போர்த்துக்கேயச் சொல். யாழ்ப்பாணத்து முதியோர் காணித் தகராறு வரும்போதெல்லாம் இச்சொல்லை எடுத்தாளுவதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். போர்த்துக்கேயர் தொடங்கிய இவ்வேலையை ஒல்லாந்தர் பன்மடங்கு விரித்தனர். காணித் தோம்பிலே வயல், தோட்டம் என்பன மட்டுமன்றி, தோட்டத்தில் நின்ற தென்னை எத்தனை, பலா எத்தனை என்பதும் எழுதப்பெற்றது. தலைத் தோம்பிலே குடும்பத் தலைவன், அவன் மனைவி மக்கள், அவர்தம் வயது, சாதி, அரசுக்கு ஆற்றவேண்டிய ஊழியம் ஆகியன இடம்பெற்றன. வரியும் ஊழியமும் தப்பாமல் பெறுதலே இவற்றின் நோக்கமாகும். மக்களை நலம் விசாரிப்பதற்காக எவரும் மரங்களை எண்ணவில்லை.

மூன்றாவதொரு தோம்பும் உண்டு. ஆசிரியத் தொழிலில் உள்ள எம்போன்றோர்க்கு அது சிறப்பாக நினைக்கத்தக்கது. அதன் பெயர் பள்ளித் தோம்பு. ஒல்லாந்தர் காலத்துக் கிராமப் பாடசாலையே அவ்வூரின் ஆலயமுமாகும். அங்குப் பணியாற்றிய உபாத்தியாயரே ஊரவரின் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் ஏட்டிற் பதிந்துவந்தார். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டப்பணமும் விதிக்கப்பெற்றது. முதுசொம் பெறும் உரிமை பதியப்பெற்ற பிறப்பையும் விவாகத்தையும் பற்றி நின்றமையால், உள்ளத்தில் சைவராகவோ பௌத்தராகவோ இருந்த பலர், பெயர் ஏட்டில் ஏறவேண்டும் என்பதற்காகவே ஞானஸ்நானம் பெற்றனர். ஒரு மனிதனைப் பற்றி எழுதிவைக்கும் ஏடு, அவன் யார் எனச் சொல்வதோடு நில்லாது, அவன் யாராக வேண்டும் என்பதையும் நிருணயிக்கத் தொடங்கிய வரலாறு இது.

ஆயினும் இவ்வேடுகளைப் பழித்தொதுக்குதல் நீதியன்று. தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பேணப்பெறும் இத்தோம்புகளைக் கொண்டே இன்று பலர் தம் பாட்டன் பூட்டன் பெயரை அறிகின்றனர். ஆராய்ச்சியாளர் அக்காலக் குடும்ப வாழ்வை ஆராய்கின்றனர். வரிக்கென எழுதியது வரலாறாயிற்று. எழுதியவன் எண்ணாத பயன் இது. இத்தகைய எண்ணாத பயன் எக்காலமும் நன்மையாகவே முடிந்ததா என்பதே ஈண்டு நாம் நோக்கவேண்டியது.

ஆங்கிலேயர் காலத்தில் ஏடுகள் பெருகின. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம், வீட்டில் உள்ளோரின் பட்டியலை வீட்டுக்காரரிடம் கேட்கும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு அளித்தது. 1871 மார்ச் மாதத்தில் நாடு முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பீடு நடைபெற்றது. அதன்படி மக்கள் தொகை சுமார் 24 இலட்சம். மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த எம் மக்களோ வேறு வகையாற் பதியப்பெற்றனர். இராகமை முகாம் வழியாக வந்த தொழிலாளிக்கு, அவன் செல்லும் தோட்டத்தையும் அவனையும் குறிக்கும் இலக்கங்கள் பொறித்த தகரவில்லை ஒன்று கொடுக்கப்பெற்றது. ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குப் போகவேண்டின், கடன் எவ்வளவு என்பதைக் காட்டும் துரையின் 'துண்டு' வேண்டும். ஒருவனது கடன் விபரம் அவனைக் கட்டிவைக்கும் கயிறாகிய அம்முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பெற்றது.

இனி, தோம்பு எழுதிய ஒல்லாந்தரின் தாய்நாட்டுக்குச் சற்றே செல்வோம். எழுதிவைப்பதில் அவர்கள் பிற்காலத்திலும் வல்லவராகவே இருந்தனர். நகரந்தோறும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை; அதிலே பெயர், முகவரி, சமயம். நல்லாட்சிக்கென அமைந்த இந்தப் பதிவு, 1940ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாசிப் படை அந்நாட்டைக் கைப்பற்றியதும், யூதர் எந்தத் தெருவில் எந்த வீட்டில் வசிக்கின்றனர் என்பதைக் காட்டும் வழிகாட்டியாயிற்று. இதனை உணர்ந்த தேசபக்தர் சிலர் 1943 மார்ச் 27ஆம் நாள் இரவு, பொலிசார் வேடத்திற் சென்று, அம்ஸ்ரடாம் நகரின் பதிவு நிலையத்தை வெடிவைத்துக் கொளுத்தினர். அங்கிருந்த சுமார் 8 இலட்சம் அட்டைகளுள் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்தே அழிந்தன. அதற்காக அவர்களுட் பன்னிருவர் சுட்டுக்கொல்லப்பெற்றனர். அந்நாட்டு யூதருள் 1 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சமயம் என்ற கட்டத்தை அட்டையில் முதலில் வரைந்த எழுதுவினைஞர் எந்தத் தீமையையும் கருதியிருக்கமாட்டார்.

இது தூரதேசத்துக் கதையென எண்ணிவிட எம்மால் இயலாது. 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் இறுதி வாரத்திலே கொழும்பில் நிகழ்ந்தவற்றைக் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் மறக்கவில்லை. வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பின் பிரதிகள் இருந்தன என்பதை நேரிற் கண்டோர் பலரும் பின்னர் ஆராய்ந்தோரும் எழுதியுள்ளனர். இடாப்பிலே இனம் என்ற கட்டம் இல்லை. வீட்டிலக்கமும் பெயரும் உண்டு, பெயரே போதுமானதாயிற்று. வாக்காளர் இடாப்பு மறைவான ஏடும் அன்று. தம் பெயர் விடுபட்டதா, செத்தவர் பெயர் சேர்ந்ததா என எவரும் பார்க்கும்படி பொதுவில் வைக்கப்பெறுவது. அதுவே குடியாட்சியின் சிறப்பு. வாக்குரிமையைக் காப்பதற்காகத் திறந்துவைத்த ஏடு, வாக்காளனின் வீட்டு வாயிலைக் கொலைஞருக்குக் காட்டிற்று. ஆகவே, ஏட்டை மூடிவைத்தால் யாவும் செவ்வையாகும் என்ற எளிய விடை இங்குப் பொருந்தாது. பிரதி யாரிடம் செல்கின்றது, எந்தக் காரியத்துக்காகச் செல்கின்றது, அதற்குக் கணக்குக் கேட்பார் உளரா என்பனவே கேள்விகள்.

போர்க்காலத்தில் இப்பகுதித் தமிழ் வீடுகளில் பொலிஸ் பதிவுப் படிவம் அரிசி, பருப்பைப் போல வீட்டில் இருக்கவேண்டிய பொருளாயிற்று. ஊரிலிருந்து மாமி வந்து நான்கு நாள் தங்கினாலும் அவர் பெயர் பதியப்படவேண்டும். 2007 ஜூன் 7ஆம் நாள், கொழும்பு லொட்ஜ்களிலே தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர், தகுந்த காரணமின்றித் தங்கியிருப்பவர் எனக் கூறப்பெற்று, பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பெற்றனர். பெரும்பாலோர் வவுனியாவுக்கே கொண்டுசெல்லப்பெற்றனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதம மந்திரியும் பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

அடையாள அட்டையின் வரலாறும் இதனோடு இணைந்ததே. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் பயனாக 1972ஆம் ஆண்டிலிருந்து அட்டைகள் வழங்கப்பெற்றன. வடக்கிலும் கிழக்கிலும் வழங்கிய அட்டையில் சிங்களத்தோடு தமிழும் இருக்கும். ஏனைய பகுதிகளில் சிங்களம் மட்டும். ஒருவருக்கு அவர்தம் மொழியில் அட்டை கொடுத்தல் மரியாதையே. ஆனால் சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய்க்கு, அட்டையின் இரண்டாவது எழுத்து, வந்தவரின் ஊரைப் படிக்காமலே உணர்த்தியது. 2014ஆம் ஆண்டு தொடக்கம் நாடெங்கும் இருமொழி அட்டை வந்தபின்னரே இவ்வேறுபாடு நீங்கிற்று.

அட்டையின் இலக்கமும் வாய் திறந்து பேசுவது. பழைய ஒன்பது இலக்க முறையில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்பெறும். பெப்ரவரி முதலாம் நாள் பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. 2016ஆம் ஆண்டில் வந்த பன்னிரண்டு இலக்க முறையிலும் இவ்வமைப்பே தொடர்கின்றது. இலக்கத்தைக் கேட்பவர் வயதையும் பாலையும் கேளாமலே பெற்றுவிடுகின்றார். இன்று தொலைபேசி இணைப்புக்கும் இவ்விலக்கம் வேண்டும், வங்கிக்கும் வேண்டும். கடையிற் காசு கொடுக்கும்போதோ தொலைபேசி இலக்கத்தைச் சொல்லுங்கள் என்கின்றனர். தோம்பு எழுதிய உபாத்தியாயர் மாட்டுவண்டியில் ஏற்றவேண்டிய ஏடுகளை, கணினி கண்ணிமைப்பொழுதில் கடல்கடந்து அனுப்பிவிடும்.

இந்நிலையில் எமது நாடாளுமன்றம் 2022ஆம் ஆண்டில் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அரச அலுவலகம், தனியார் நிறுவனம் இரண்டையும் அது கட்டுப்படுத்துவது. எந்தக் காரியத்துக்காக விபரம் பெறப்பெற்றதோ அதற்கு அடங்கியே பயன்படுத்தவேண்டும். தேவைக்கு மிஞ்சிக் கேட்கலாகாது. தேவை முடிந்தபின் வைத்திருத்தலாகாது. தன்னைப்பற்றி எழுதியிருப்பதைப் பார்க்கவும் பிழையைத் திருத்துவிக்கவும் குடிமகனுக்கு உரிமையுண்டு என்பன அதன் சாரம். இவற்றுள் முதலாவதே மூலக்கல் என்பது எனது கருத்து. மேலே கண்ட கேடுகளிற் பெரும்பாலானவை, ஒரு காரியத்துக்கென எழுதியதை மற்றொன்றுக்கு எடுத்தமையால் விளைந்தவை. சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, பின்போடப்பெற்றன.

பாடசாலைச் சேர்விடாப்பைப் பற்றியும் ஒரு சொல். போரிலும் இடப்பெயர்விலும் பிறப்புச் சான்றிதழை இழந்தோர், தாம் முதலாம் வகுப்பிற் சேர்ந்த பாடசாலையைத் தேடி வருவதுண்டு. மங்கிய மையில் ஒரு வரி: பெயர், பிறந்த திகதி, தந்தை பெயர். வேறெதுவும் எஞ்சாத இடத்தில் அவ்வரியே அவருக்கு ஆதாரம். அதனாலேயே அவ்விடாப்பு அதிபரின் இரும்பு அலுமாரியில், திறப்பின்கீழ் இருக்கின்றது.

கொழும்பின் பெரிய கட்டடங்களின் வாயிலிலோ நிலைமை வேறு. காவலாளியின் மேசைமீது கோடிட்ட கொப்பி ஒன்று விரிந்து கிடக்கின்றது. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வந்த காரணம். அடுத்து வருபவர், தமக்கு முன் வந்தவரின் வரியைப் படித்துக்கொண்டே தம் பெயரை எழுதுகின்றார்.