பாங்காக்

சயாம் என்று முன்னாளில் வழங்கிய தாய்லாந்தின் தலைநகரம். சாவ் பிரயா நதியின் கீழ்க்கரையில் 1782-இல் முதலாம் ராமா மன்னரால் ஸ்தாபிக்கப்பட்ட இந்நகரைச் சுதேசிகள் ‘குருங் தேப்’, அதாவது தேவர்களின் நகரம், என்றே அழைப்பர். யாத்திரிகர் முதலில் நாடும் மரகத புத்தர் ஆலயம் அரண்மனை வளாகத்துக்குள்ளேயே அமைந்துள்ளது. பெயரில்தான் மரகதமேயன்றி, விக்கிரகம் வேறொரு பச்சை நிறக் கல்லாலானது. பருவத்துக்கொன்றாக ஆண்டில் மூன்று முறை அதன் பொன்னாடையை மன்னரே மாற்றுவது சம்பிரதாயம். தோளும் முழங்காலும் மறைய உடுத்தாதோர்க்கு அங்கே பிரவேசமில்லை. ‘இன்று அரண்மனை மூடியிருக்கிறது’ என்று வழியில் எவரேனும் பரிவோடு கூறினால், அது பெரும்பாலும் நகைக்கடைக்கு அழைத்துச் செல்லும் தந்திரமே.

அருகிலுள்ள வாட் போ ஆலயத்தில் 46 மீட்டர் நீளமாகச் சயனித்திருக்கும் புத்தரின் உள்ளங்கால்களில் 108 மங்கலச் சின்னங்கள் முத்துச்சிப்பியால் இழைக்கப்பட்டிருக்க, பின்புறச் சுவரோரம் வரிசையாக வைத்த வெண்கலக் கிண்ணங்களில் பக்தர்கள் ஒவ்வொன்றாய்க் காசிடும் கலகலவோசை மண்டபத்தில் ஓய்வதேயில்லை. சீலோம் சாலையில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்று தாய்லாந்து மக்களே மிகுதியாக வழிபடுகின்றனர். வாகன நெரிசல் மிக்க இந்நகரைக் காண ஆற்றுப்படகே உத்தமம்.