உருக்கு நகரில் பிறந்த நிர்வாகக் கல்வி

நம் காலனிப் பிள்ளைகள் பலர் இன்று நிர்வாகவியல் பயில விழைகின்றனர். மகிழ்கின்றோம். ஆயினும், அக்கல்வி இந்நாட்டில் வேரூன்றிய வரலாற்றையும் அவர்கள் அறிதல் நலம்.

ஜாம்ஷெட்பூர் உருக்காலையில் 1912-ஆம் ஆண்டிலேயே 8 மணி நேர வேலைமுறை வந்துவிட்டது. எனினும் 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளில் அங்கே பெரிய வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. விதி நன்றாயிருந்தால் மட்டும் போதாது. இரு தரப்பாரும் மனம் விட்டுப் பேசினாலன்றி ஆலையில் அமைதி நிலைக்காது.

அந்நகரில்தான் 1949-இல் சேசு சபைத் துறவி க்வின் என்ரைட் சிறியதொரு கல்வி நிலையத்தைத் தொடங்கினார். ‘சேவியர் தொழிலுறவு நிலையம்’ என்பது அதன் பெயர். நிர்வாகிகளுக்கும் அங்கே பயிற்சி, தொழிற்சங்கத்தார்க்கும் பயிற்சி. கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய நிர்வாகவியல் கழகங்கள் தோன்றியது 1961-இல். அவற்றுக்கு 12 ஆண்டுகள் முற்பட்டது இது. இன்று எக்ஸ்.எல்.ஆர்.ஐ. எனப் புகழ்பெற்று விளங்குகிறது. அப்பெயரின் இரண்டாம் எழுத்து தொழிலாளரைக் குறிப்பதாகும்.

கணக்கும் வாணிகமும் எங்கும் கற்கலாம். ஆணையிடுவோன், அதனை நிறைவேற்றுவோனின் குரலுக்குச் செவிசாய்க்கப் பழகுவதே இக்கல்வியின் முதற்பாடம். கல்லூரியின் பெயரையும் புகழையும் உசாவும் பெற்றோர், இப்பாடம் அங்கே உண்டா என்றும் உசாவுவாராக.