கொழுந்து: ஒரு சொல் நடந்த வழி

செடிகொடிகளின் இளம்பருவத்தைச் சுட்டத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததில்லை. தொல்காப்பிய மரபியல், புறக்காழ் உடையவற்றைப் புல் என்றும் அகக்காழ் உடையவற்றை மரம் என்றும் பகுத்து, தளிர், முறி முதலிய பெயர்களை மரத்திற்கும், ஓலை, மடல், ஈர்க்கு முதலியவற்றைப் புல்லிற்கும் உரிமையாக்கியது. அப்பட்டியலில் கொழுந்து இடம்பெறவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்துத் தமிழின் சொல்வளத்தை எடுத்துக்காட்டிய தேவநேயப் பாவாணர், தென்னை, பனை, கரும்பின் நுனிக்குக் குருத்து என்றும், புளி, வேம்பின் நுனிக்குக் கொழுந்து என்றும் வரையறுத்தார். ஆயினும் குருத்து இன்னது என விளக்க வந்தவிடத்து அவர் கையாண்ட பொதுச்சொல்லும் கொழுந்து என்பதே. சிறப்புப் பெயராகவும் பொதுப் பெயராகவும் ஒருங்கே நிற்கும் ஆற்றல் இச்சொல்லுக்கு இருப்பதை இதனால் அறியலாம்.

வளமும் செழுமையும் குறிக்கும் 'கொழு' என்னும் அடியோடு இச்சொல்லை இணைப்பது பொருந்தும். கொழுநன், கொழுந்தன் என்னும் உறவுப்பெயர்களையும் இதனோடு முடிச்சிடுவார் உளர். அது ஓசை ஒப்புமை கண்டு செய்த துணிபோ என்னும் ஐயம் எனக்கு உண்டு. தீயின் நாவைக் கொழுந்து என்பதோ ஐயத்திற்கு இடமற்றது. மேல்நோக்கி வளரும் நுனி எதுவாயினும் தமிழனுக்கு அது கொழுந்துதான். சிலப்பதிகார வேட்டுவ வரியில் தெய்வமுற்ற சாலினி கண்ணகியைத் தவக்கொழுந்து என்கிறாள். சேக்கிழாருக்கு மங்கையர்க்கரசியார் வளவர் குலக்கொழுந்து. தழைத்த குடியின் நுனியில் நிற்பவள் என்பது கருத்து. மருக்கொழுந்தையும் கொழுந்து வெற்றிலையையும் நம் இல்லத்துப் பெண்டிர் அறிவர், விரிக்க வேண்டுவதில்லை.

இலக்கியத்தில் இவ்வாறு உயர்ந்து நின்ற சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலையேறியது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்பார் இலங்கையின் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பிச் செடிகளை அழிக்கவே, மலைச்சரிவுகள் படிப்படியாகத் தேயிலைக்கு மாறின. தமிழகத்திலிருந்து கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்ட மக்கள், தாம் முன்பின் கண்டிராத அச்செடியின் நுனிக்கு ஊரிலிருந்து கொண்டுசென்ற பெயரையே இட்டனர்.

வெட்டாது விட்டால் மரமாகிவிடும் இயல்புடையது தேயிலை. அதனைக் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துவர். மட்டக்கம்பைக் குறுக்கே இட்டு, அதற்கு மேல் எழுந்த இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டுமே கிள்ளுவர். ஓங்கி வளர்வதைக் குறித்த சொல், ஓங்கவிடாது கிள்ளப்படுவதைக் குறிக்கலாயிற்று. கொழுந்து எடுத்தல், கொழுந்துக் கூடை, கொழுந்து மடுவம் என ஒரு வாழ்க்கை முழுவதும் அதனைச் சூழ்ந்து அமைந்தது. மடுவம் என்பது நிறுவை நடைபெறும் கொட்டகை. அங்கு முன்னாளில் இறாத்தலிலும் பின்னர்க் கிலோவிலும் நிறுத்தனர். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். குறித்த அளவு எடுக்காதவளுக்கு அன்று 'அரைப்பேர்', அதாவது பாதிக்கூலி. ஈரத்திற்கும் கூடைக்கும் எனக் கழிக்கப்பட்ட நிறை, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் முறையீடு. கொழுந்து எடுப்போர் பெரும்பாலும் பெண்களாயிருந்தும், ஆணுக்கு நிகரான நாட்கூலி அவர்களுக்கு 1984-இல்தான் கிட்டியது.

1948-இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப்பலரை நாடற்றவராக்கியது. 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவ்வெண்களில் அடங்கியோருடைய கருத்தை எவரும் கேட்கவில்லை. தாயகம் திரும்பியோருக்கு வேலை தரும்பொருட்டு நீலகிரியில் 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பெற்றது. அது 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. நூறாண்டுக்கு முன் பாட்டன் பாட்டி கடல் கடந்து கொண்டுசென்ற சொல், பேரப்பிள்ளைகளோடு மீண்டும் கடல் கடந்து வந்து, வேறொரு மலையில் அதே கூடையைச் சுமந்தது.

இலங்கையில் தங்கியவர் நடுவே அச்சொல் எழுத்துலகிற்கும் திரும்பிற்று. கூலிக்கணக்கில் மட்டும் எழுதப்பட்டு வந்த பெயரை எடுத்து, அந்தனி ஜீவா தம் மலையக இலக்கிய இதழுக்கு இட்டார்: 'கொழுந்து'.