டெண்டகுரு

டெண்டகுரு என்பது தான்சானியாவின் தென்கிழக்கில், லிண்டித் துறைமுகத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு குன்று. குன்றைச் சுற்றியுள்ள புதர்க்காட்டில், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த தாவர உண்ணி டைனோசர்களின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 13.27 மீட்டர் உயரத்துக்கு நிற்கிற ஜிராஃபடைட்டன் என்னும் நீள்கழுத்து டைனோசரின் எலும்புக்கூடு இங்கிருந்து போனதுதான்.

ஜுராசிக் காலத்தில் டெண்டகுரு கடலோரக் காயல் பகுதி. டைனோசர் எலும்புகள் கிடக்கும் மண்ணடுக்குகளுக்கு இடையிடையே கடற்சிப்பிகள் நிறைந்த மணற்பாறை அடுக்குகள் வருகின்றன. காலக்கணிப்புக்கு இது பெரும் வசதி. ஒவ்வொரு அடுக்கின் வயதையும் கடல் உயிரிகளைக் கொண்டு கணித்துவிடலாம். டெண்டகுருவைப் பற்றிப் பேசுவோர் எலும்புகளின் பருமனைச் சொல்லும் அளவுக்கு இதைச் சொல்வதில்லை.

1906-இல் லிண்டியிலிருந்த ஒரு சுரங்க நிறுவனத்தின் பொறியாளர் பெர்ன்ஹார்ட் சாட்லர் இந்தப் பக்கம் வந்தபோது, மழையில் மண் கரைந்து வெளியே தெரிந்த பெரும் எலும்புகளைக் கண்டார். இப்பகுதியை அன்று ஆண்டுவந்த ஜெர்மனிக்குச் செய்தி போனது. அப்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் பயணத்திலிருந்த ஸ்டுட்கார்ட் தொல்லுயிரியலாளர் எபர்ஹார்ட் ஃப்ராஸ் 1907-இல் நேரில் வந்து, கொஞ்சம் தோண்டிப் பார்த்து, கிடைத்ததை எடுத்துப்போனார். இந்தப் பயணத்தில் பிடித்த சீதபேதி அவரை லேசில் விடவில்லை. 1908-இல் அவர் வெளியிட்ட விவரிப்புதான் டெண்டகுருவை அறிவியல் உலகுக்குக் காட்டியது.

ஃப்ராஸ் வந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். ஜெர்மன் ஆட்சிக்கு எதிரான மாஜி மாஜி எழுச்சி 1905-இல் வெடித்ததும் இந்தத் தெற்குப் பகுதியில்தான். அதை அடக்கிய படை ஊர்களையும் விளைச்சலையும் எரித்தது. தொடர்ந்து வந்த பஞ்சத்தையும் சேர்த்து இறந்தவர்கள் 3 லட்சம் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் சிலரின் கணக்கு. பின்னர் நடந்த அகழ்வில் கூலிக்கு ஆள் எளிதாகக் கிடைத்ததை இந்தப் பின்னணியை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. பழைய ஜெர்மன் நூல்கள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன.

பெர்லின் அருங்காட்சியகத்தின் வில்ஹெல்ம் ஃபான் பிராங்கா நன்கொடை திரட்ட, 1909-இல் தொல்லுயிரியலாளர்கள் வெர்னர் யானென்ஷ், எட்வின் ஹென்னிக் இருவரும் தோண்ட வந்து இறங்கினார்கள். 1911-இல் பொறுப்பு ஹான்ஸ் ஃபான் ஸ்டாஃபுக்கும், 1912-இல் ஹான்ஸ் ரெக்குக்கும் மாறியது. ரெக்குடன் மனைவி இனா ரெக்கும் முகாமில் தங்கி வேலை செய்தார். பிறகு அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். ஜெர்மானியர்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர்தான். முதல் ஆண்டில் 170 பேர் அளவில் இருந்த உள்ளூர் ஆட்கள் பின்னர் 500 பேர் வரை ஆனார்கள். அவர்களுக்கெல்லாம் மேஸ்திரி போஹெட்டி பின் அம்ரானி. எலும்பைச் சிதையாமல் பிரித்தெடுப்பதில் கைதேர்ந்தவர். பிற்பாடு வந்த பிரிட்டிஷ்காரர்களும் அவரைத் தேடி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஆட்கள் குடும்பத்தோடு வந்து குடிசை போட்டுத் தங்கியதால் குன்றை ஒட்டி ஓர் ஊரே உருவாயிற்று. தண்ணீரை மட்டும் தொலைவிலிருந்து சுமந்து வர வேண்டியிருந்தது.

குழிகளுக்கு எழுத்தால் பெயர். எஸ் குழியில் கிடைத்த இரண்டாவது விலங்கு ‘எஸ் 2’. இன்று பெர்லினில் நிற்பதில் பெரும்பகுதி அதுதான். அதன் மேற்கை எலும்பு மட்டும் 2.13 மீட்டர் நீளம், ஆளை விட உயரம். கல்லாகிவிட்ட எலும்பு என்றாலும் உள்ளே விரிசல் ஓடியிருக்கும். அப்படியே தூக்கினால் பொலபொலவென உதிர்ந்துவிடும். ஆகவே மண்ணை மெல்லச் சுரண்டி, வெளித்தெரிந்த பாகத்தில் பசையை ஊற்றி இறுகவைத்து, விரிசல் கண்ட இடங்களில் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதினார்கள். துண்டுகளைப் பொதியப் பாரிஸ் சாந்து வேண்டுமென்றால் அது கப்பலில் வந்தாக வேண்டும். களிமண்ணுக்கும் புல்லுக்கும் மூங்கிலுக்கும் பஞ்சமில்லை. துண்டைப் பொதிந்து, சுற்றிலும் மூங்கில் தப்பைகளை வரிசையாக நிறுத்தி இறுக்கிக் கட்டினால் உருளையாக ஒரு சுமை தயார்.

வண்டி கட்ட முடியாது. ட்செட்சி ஈ கடித்த மாடுகள் நோய் கண்டு செத்துப்போகும். எல்லாம் ஆள் சுமைதான். சிறியவை தலையில், பெரியவை கழியில் தொங்கவிடப்பட்டு இருவர் அல்லது அதற்கும் மேற்பட்டவர் தோளில். லிண்டிக்குப் பல நாள் நடை. 1913-இல் வேலை முடிந்தபோது இப்படிப் போன சுமைகள் 5,000-க்கும் மேல், எடை 200 டன்னுக்கும் மேல். டைனோசர் அகழ்வு வரலாற்றில் இதற்கு ஈடாக மனிதர் சுமந்த வேறொரு கணக்கைக் காட்டுவது கடினம்.

முதல் உலகப்போருக்குப் பிறகு நாடு பிரிட்டிஷார் கைக்குப் போனது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1924 முதல் 1931 வரை இங்கே தோண்டியது. பணமும் அனுபவமும் குறைவு. தலைவர் வில்லியம் கட்லர் 1925-இல் மலேரியாவில் இறந்தார். அவருக்கு உதவியாளராக வந்திருந்த இளைஞர் லூயிஸ் லீக்கி பின்னாளில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கின் மனித மூதாதையர் ஆய்வால் புகழ்பெற்றார். 1931-இல் லீக்கியோடு ஓல்டுவாய்க்குப் போனவர் டெண்டகுருவில் வேலை பார்த்த அதே ஹான்ஸ் ரெக்.

பெர்லினில் எலும்புகளைச் சுத்தம் செய்து பொருத்துவது தோண்டியதை விடப் பல மடங்கு நீண்ட வேலையாயிற்று. யானென்ஷ் 1914-இல் ‘எஸ் 2’ விலங்குக்குப் பிராக்கியோசாரஸ் பிராங்காய் எனப் பெயரிட்டார். 1903-இல் எல்மர் ரிக்ஸ் அமெரிக்காவின் கொலராடோ எலும்புகளுக்கு வைத்திருந்த பேரினப் பெயரே இதற்கும் வந்தது. எலும்புக்கூடு எழுந்து நின்றது 1937-இல்தான். இடுப்புக்கு முன்னுள்ள முதுகெலும்புகள் நொறுங்கக்கூடியவை, கனமும் அதிகம் என்பதால் அவற்றுக்கு வார்ப்புகளே வைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரின்போது கழற்றிப் பாதுகாத்து, பின்னர் மீண்டும் நிறுத்தினார்கள். 2007-இல் செய்த மறு அமைப்பில் முன்னங்கால்கள் நிமிர்ந்தன. தரையில் இழுபட்ட வால் மேலே உயர்ந்தது. 2009-இல் மைக் டெய்லர், கொலராடோ விலங்கோடு எலும்பு எலும்பாக ஒப்பிட்டு, இது தனிப் பேரினமே என நிறுவ, ஜிராஃபடைட்டன் என்ற பெயர் நிலைத்தது. எடைக் கணக்கும் மாறிக்கொண்டே வந்தது: 1962-இல் எட்வின் கோல்பெர்ட் 78 டன் என்றார், டெய்லரின் கணிப்பு 23 டன். எலும்பு அதேதான், சதை எவ்வளவு போர்த்துவது என்பதில்தான் வேறுபாடு.

நன்கொடை திரட்டிய பிராங்காவின் பெயரும், யானென்ஷின் பெயரும் டெண்டகுரு விலங்குகளுக்கு எப்போதோ சூட்டப்பட்டுவிட்டன. போஹெட்டியின் பெயர் ஆஸ்ட்ராலோடோகஸ் போஹெட்டீ என வந்தது 2007-இல். 2019-இல் இன்னொரு நீள்கழுத்து டைனோசர் வாம்வெராகாடியா கெரன்ஜெய் எனப் பெயர் பெற்றது: முற்பாதி அப்பகுதியின் வாம்வெரா மக்களைக் குறிக்கிறது; பிற்பாதி, அந்த எலும்புகளைத் தோண்டிய குழுவை நடத்திய முகமதி கெரன்ஜெயை.

எலும்புகளைத் திருப்பித் தரவேண்டும் என்ற கோரிக்கை தான்சானிய நாடாளுமன்றத்தில் எழுந்ததுண்டு. 2018-இல் அந்நாட்டு அரசு, திரும்பக் கேட்பதை விட டெண்டகுருவிலேயே அகழ்வுக்கும் ஆய்வுக்கும் ஜெர்மனி உதவுவதை விரும்புவதாகத் தெரிவித்தது. கோரிக்கை அத்தோடு ஓயவில்லை.