தலைச் சொரியாசிஸும் எண்ணெயும்: கரிசல் வட்டாரத்தில் பூச்சு மருந்தின் தேர்வு

எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கம் சொரியாசிஸ் தலையில் தொடங்கினால் முதலில் அதற்குப் பொடுகு என்றுதான் பெயர். பெட்டிக்கடையில் சாஷே ஷாம்பு, பிறகு மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப், எல்லாம் பார்த்துவிட்டுத்தான் தோல் டாக்டர். எந்தப் படியிலும் 'என்ன மருந்து?' என்று கேட்பார்களே தவிர, அது எதில் கலந்து வருகிறது என்று கேட்பதில்லை. தலையைப் பொறுத்தமட்டில் இரண்டாவது கேள்வியே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முழங்கையில் பலிக்கும் ஆயின்ட்மென்ட் தலையில் முடியோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். முடியைத் தாண்டினாலும் அடியில் வெள்ளைச் செதில் அடையடையாகக் கிடக்கிறது. கரிசல் வெயிலின் புற ஊதாக் கதிர் உடம்பின் மற்ற இடங்களில் நோயைச் சற்றே தணிக்கலாம். முடி மூடிய தலைக்கு அந்தச் சலுகையும் இல்லை. அதனால்தான் இங்கே லோஷன், ஜெல், நுரை, ஷாம்பு ஆகிய வடிவங்கள் தேவைப்படுகின்றன. வகிடு வகிடாகப் பிரித்து, முடியில் படாமல் தோலில் சொட்டு விட்டு, விரல்நுனியால் மெல்லத் தடவ வேண்டும்.

மருந்துகளுக்குள் உள்ள வேறுபாடு நாம் நினைக்கும் அளவு பெரிதல்ல. தலைச் சொரியாசிஸின் பூச்சு மருந்துகள் பற்றி 59 ஆய்வுகளைத் தொகுத்த 2016 காக்ரேன் மதிப்பாய்வின்படி, ஸ்டீராய்டும் வைட்டமின் டி வகை மருந்தும் சேர்ந்த கூட்டு, ஸ்டீராய்டு மட்டும் தருவதைவிடச் சற்றே மேல்; வைட்டமின் டி வகை தனியாக இரண்டுக்கும் கீழ். குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு மட்டுமே போதலாம் என்றும் அது சொல்கிறது. தீப்பெட்டி ஆலைக் கூலியில் மருந்து வாங்கும் குடும்பத்துக்கு இது சின்னச் செய்தி அல்ல.

'தலையில் எண்ணெயே கூடாது' என்ற பொதுவான அறிவுரையை இங்கே திருத்த வேண்டும். பொடுகுக்கு அது சரி. பொடுகோடு தொடர்புடைய மலசேசியா பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. தடித்த சொரியாசிஸ் செதிலுக்கோ எண்ணெய் பகையல்ல. அமெரிக்காவில் ஃப்ளுசினோலோன் ஸ்டீராய்டைச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் கலந்தே தலைக்கு விற்கிறார்கள். இரவு தடவித் தொப்பி போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். கடலைமிட்டாய் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எண்ணெய் ஊறிய செதிலை நகத்தால் பிய்க்கக்கூடாது, அழுத்திச் சீவவும் கூடாது. காயம்பட்ட இடத்தில் புதிய படை கிளம்பும். செதில் மிகத் தடித்திருந்தால் சாலிசிலிக் அமிலம் உதவும். ஆனால் அது கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மருந்தைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் இரண்டையும் ஒரே வேளையில் பூசக்கூடாது.

சித்த மருத்துவம் இந்நோயைக் காளாஞ்சகப்படை என்கிறது. அதன் வெட்பாலைத் தைலத்தைச் செய்பவர்கள் கத்தி படாமல் இலையைக் கையால் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைக்கிறார்கள்; எண்ணெய் கருஞ்சிவப்பும் ஊதாவுமாக மாறுகிறது. அந்த இலையில் இண்டிருபின் இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அதே இண்டிருபின் உள்ள, அவுரி வகைச் சாயமான சிங் டாய் களிம்பைத் தைவானில் சொரியாசிஸ் நோயாளிகளிடம் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்விலும் பலன் தெரிந்தது. ஆகவே வெட்பாலையை வெறும் நம்பிக்கை என்று தள்ளுவதற்கில்லை. அது மட்டுமே போதும் என்பதற்கும் இது சான்றாகாது.

மறுபுறம், கைவசமிருக்கும் பழைய டியூபை மாதக்கணக்கில் பூசுவதே இங்கே பெரிய ஆபத்து. குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 50 கிராமுக்கு மேலோ போடக்கூடாது. அதன் ஷாம்பு வடிவத்தைக் காய்ந்த தலையில் 15 நிமிடம் வைத்து அலச வேண்டும். அதற்கு நான்கு வாரம் எல்லை. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கத் தடை விதித்தது. சீட்டு கேட்கும் கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வெட்பாலையின் பலன் இலையினுடையதா, அதைத் தாங்கிய தேங்காய் எண்ணெயினுடையதா? இதைப் பிரித்தறிய நல்ல வாய்ப்பு அருகிலேயே உள்ளது: அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் பாளையங்கோட்டையில்தான் இருக்கின்றன. நோயாளிகளை இரு பிரிவாக்கிச் சோதிக்கலாம்: இரு பிரிவுக்கும் ஒரே ஸ்டீராய்டு லோஷன். ஒரு பிரிவுக்கு முந்தைய இரவு வெட்பாலைத் தைலம், மற்றதற்கு அதே நிறமேற்றிய வெறும் தேங்காய் எண்ணெய். நிறம் ஏற்றாவிட்டால் எது தைலம் என்று நோயாளிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.