முப்பத்து மூன்றாம் வசனத்தில் நிறுத்துவது

ஓய்வுநாள் காலையில் ஜெப ஆலயத்தில் யூதர்கள் இரண்டு வாசிப்புகளைக் கேட்கிறார்கள். முதலில் தோராவில் அந்த வாரத்துக்குரிய பகுதி. பிறகு தீர்க்கதரிசிகளின் நூல்களிலிருந்து ஒரு துண்டு. இரண்டாவதன் பெயர் ஹஃப்தாரா. கேட்க தோராவுக்குச் சொந்தம் மாதிரி இருக்கும். ஆனால் வேர் வேறு. ‘முடித்துவைத்தல்’ என்று பொருள். பவுல் ஒரு ஜெப ஆலயத்தில் இரண்டையும் கேட்டபின் பேச எழுந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. முதல் நூற்றாண்டிலேயே இருந்த வழக்கம் இது.

இந்த ஜோடிகளில் என்னைத் தூங்கவிடாத ஒன்று உண்டு. எண்ணாகமம் 19 முதல் 21 வரையான ‘ஹுக்கத்’ பகுதியும், அதோடு வாசிக்கப்படும் நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரமும். (யூத மரபில் நியாயாதிபதிகளும் தீர்க்கதரிசிகள் வரிசையில்தான் வரும்.)

பொருத்தம் வெளிப்படையானது. ஹுக்கத்தில் இஸ்ரவேலர் எமோரிய அரசன் சீகோனிடம் வழி கேட்கிறார்கள். அவன் மறுத்துப் படையெடுத்து வருகிறான். தோற்று, அர்னோன் முதல் யாப்போக்கு வரை நிலத்தை இழக்கிறான். பின்னாளில் அம்மோனியர் அதே நிலத்தைக் கேட்கும்போது, யெப்தா தூதர் வழியாக இந்தப் பழைய கதையைத்தான் சொல்லியனுப்புகிறான். முந்நூறு வருஷமா சும்மா இருந்துட்டு இப்ப ஏன் கேக்கறே என்பது அவன் வாதம்.

எனக்கு முக்கியமாகப்படுவது இன்னொரு பொருத்தம். அதே எண்ணாகமம் 21இன் தொடக்கத்தில், ஆராத்தின் அரசனை எதிர்க்கும்போது மக்கள் ஒரு பொருத்தனை செய்கிறார்கள்: எதிரியைக் கையில் கொடுத்தால் அவன் ஊர்களைச் சங்காரம் செய்வோம் என்று. யெப்தாவின் பொருத்தனையும் எபிரேயத்தில் அதே சொற்களில்தான் தொடங்குகிறது: ‘இம் நாத்தோன் தித்தேன்’, நீர் கொடுத்தே தீர்வீரானால். ஆனால் எதைத் தருவேன் என்பதை அவன் திறந்தே விட்டுவிடுகிறான். என் வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவது எதுவோ, அது. வாயை விட்டு மாட்டிக்கொண்டான்.

ஹஃப்தாரா 33ஆம் வசனத்தில், வெற்றியோடு நின்றுவிடுகிறது. 34இல்தான் மகள் தம்புரோடு ஆடிக்கொண்டு வெளியே வருகிறாள். பொருத்தனையைச் சபை காதாரக் கேட்கிறது. அதன் விலையைக் கேட்பதில்லை. நல்ல சொல்லில் முடிக்க வேண்டுமென்ற வழக்கம் காரணமாக இருக்கலாம். சீகோன் கதைக்குத் தேவையானது அதற்குள் வந்துவிட்டது என்றும் சொல்லலாம்.

ரபிகள் மறந்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆதியாகம ரப்பா என்ற மித்ராஷ் நூல் இருவரைக் குற்றவாளிகளாக நிறுத்துகிறது. பொருத்தனையிலிருந்து விடுவிக்கக்கூடிய ஆசாரியன் பினெகாஸ், நான் ஏன் அவனிடம் போகணும் என்றிருந்தான். யெப்தாவோ, தலைவன் நான் ஏன் அவனிடம் போகணும் என்றிருந்தான். இருவர் கௌரவத்துக்கும் நடுவே பெண் போனாள். அவள் சாகவில்லை, தனித்து வாழவைக்கப்பட்டாள் என்று தாவீது கிம்ஹி போன்ற இடைக்கால உரையாசிரியர்கள் வாதிட்டதும் உண்டு.

அவளுக்குப் பெயர்கூட இல்லை. ஆனால் அதிகாரத்தின் கடைசி வசனம், இஸ்ரவேலின் பெண்கள் வருஷத்துக்கு நாலு நாள் அவளுக்காகக் கூடியதைச் சொல்கிறது. அவளை நினைத்திருக்க அவர்களுக்கென்று ஒரு நாட்காட்டி இருந்திருக்கிறது. ஹஃப்தாரா முடித்துவைக்காததை அவர்கள்தான் முடித்துவைத்திருக்கிறார்கள்.