இருப்பாய்வும் ஒரு ஃபைலும் - எஃப்.வி.யூ. வந்த கதை

சம்பளத்தில் டி.டி.எஸ். பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். பிடித்த பணம் சரியான ஆளின் பெயரில் வரவானதா என்று யார் பார்த்தார்கள்? அதில் ஒரு சின்ன மென்பொருளின் கதை இருக்கிறது.

1961 வருமான வரிச் சட்டம் வந்த பிறகும் டி.டி.எஸ். கணக்கு பல்லாண்டு காலம் காகிதத்தில்தான் போனது. 2003-ல் மின்னணு முறைக்குத் திட்டம் வந்தது. முதலில் கம்பெனிகளுக்குக் கட்டாயம். 2005-06 முதல் ஆண்டுக் கணக்கு போய் காலாண்டுக் கணக்கு வந்தது. ஃபைல்களை வாங்கிச் சேர்க்கும் வேலை என்.எஸ்.டி.எல். நிறுவனத்திடம் இருந்தது.

இங்கேதான் சிக்கல். நாடு முழுவதும் அலுவலகங்கள், ஆளுக்கொரு மென்பொருள். ஒருவர் தேதியை மாற்றிப் போடுவார், இன்னொருவர் ஒரு கட்டத்தையே விட்டுவிடுவார். அப்படியே உள்ளே விட்டால் டேட்டாபேஸ் என்ன ஆகும்? அதனால் என்.எஸ்.டி.எல். இலவசமாகவே ஒரு மென்பொருள் கொடுத்தது. பெயர் ஃபைல் வேலிடேஷன் யுடிலிட்டி, சுருக்கமாக எஃப்.வி.யூ.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் என்று வைத்துக்கொள்வோம். கிளார்க் தயாரித்த டெக்ஸ்ட் ஃபைலை எஃப்.வி.யூ. வரி வரியாகப் படிக்கும். பான் எண்ணில் முதல் ஐந்தும் எழுத்தா, அடுத்த நான்கும் இலக்கமா, கடைசி ஒன்று எழுத்தா? ஆட்களின் கூட்டுத்தொகை சலானைத் தாண்டுகிறதா? தப்பு இருந்தால் எந்த வரியில் என்ன தப்பு என்று பட்டியல் வரும். சரியாக இருந்தால்தான் மையத்தில் கொடுக்கக்கூடிய ஃபைல் கிடைக்கும். அதை ஃபிளாப்பியிலோ சி.டி.யிலோ போட்டு, கூடவே 27ஏ படிவத்தில் மொத்தத் தொகைகளை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மையத்தில் வாங்க மாட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போய்த் திரும்பி வருவதை விட, மலையிலேயே தப்பைக் கண்டுபிடிப்பது எவ்வளவு நிம்மதி!

ஆனால் ஒரு தப்பை மட்டும் அதனால் பிடிக்க முடியவில்லை. காமர்ஸ் மாணவர்களுக்கு இது புதிதல்ல. ராமசாமி கணக்கில் எழுத வேண்டியதைக் குப்புசாமி கணக்கில் எழுதினாலும் இருப்பாய்வு சமமாகத்தான் இருக்கும். அதேபோல இன்னொருவருடைய பான் எண்ணைப் போட்டாலும் வடிவம் சரி, கூட்டலும் சரி. ஃபைல் உள்ளே போய்விடும். பணம் பிடிக்கப்பட்டவரின் 26ஏஎஸ் பட்டியலிலோ ஒன்றும் இருக்காது. பிடித்த வரியையே மறுபடி கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும்.

இப்படி அலைந்தவர்கள் ஏராளம். ஒரு ஆடிட்டர் எழுதிய கடிதத்தை டெல்லி உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பிடித்தம் செய்தவரின் தவறுக்காக வரி செலுத்தியவர் அவதிப்படக் கூடாது என்ற அடிப்படையில் 2013 மார்ச்சில் வருமான வரித் துறைக்குப் பல உத்தரவுகள் போட்டது.

சோதனையும் வளர்ந்தது. சலான் விவரத்தைப் பணம் கட்டிய பதிவோடு எஃப்.வி.யூ. ஒப்பிட ஆரம்பித்தது. 2012-ல் வந்த டிரேசஸ் தளத்தில், ஒரு பான் எண் யாருடையது என்று பெயரோடு பார்க்கும் வசதி கம்பெனிகளுக்குக் கிடைத்தது. ஃபைலுக்கு உள்ளேயே தேடியவரை கிடைக்காத பதில், வெளியே இருந்த இன்னொரு பதிவேட்டில் கிடைத்தது.

இருப்பாய்வு காட்டாத பிழைகள் எவை? பி.காம். முதலாண்டில் ஐந்து மதிப்பெண் கேள்வி இது. ஒரு கிளார்க் அதை மறந்தால், யாரோ ஒருவர் வரியை இரண்டு முறை கட்ட வேண்டி வரும்.